லேயர் அண்ணன்

கோவையில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரைக்கு எழுகிறவர்கள் இரண்டே பேர்: பால்காரர், சைக்கிள்காரர். சைக்கிள்காரர்களில் தனி ரகம் நம்ம லேயர் அண்ணன். பெடலில் கால் வைக்குமுன் மொட்டை மாடிக்குப் போய், விரலை எச்சில் தொட்டுக் காற்றில் நீட்டுவார். பிறகு செல்போனில் மூன்று வானிலை ஆப். ஒன்று மழை என்னும், இன்னொன்று வெயில் என்னும், மூன்றாவது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். கட்டில் மேல் ஆறு மேலுடுப்புகள் ஜவுளிக்கடைக் கணக்காக விரிந்து கிடக்கும்.

வீட்டில் இதனால் மொழிச் சிக்கலும் உண்டு. "ஜாக்கெட் ஒண்ணு எடுக்கோணும்" என்றால் மனைவி உடனே மேட்சிங் பார்க்கச் சேலையைக் கொண்டுவந்து விடுவார். "வெஸ்ட் வாங்கியிருக்கேன்மா" என்றபோது அம்மா கேட்டது: "வேஸ்ட்டுன்னு தெரிஞ்சும் எதுக்குடா வாங்கினே?" பிரித்துப் பார்த்தால் கையே இல்லை. விலை நாலாயிரம். துணி சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்தான் என்று ஜிஎஸ்எம் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தார். கூப்பிடு தூரத்தில் திருப்பூரை வைத்துக்கொண்டு, பனியனுக்கு நாலாயிரம் கொடுத்த பிள்ளையை எந்தத் தாய் மன்னிப்பாள்?

ஆனால் ஆளை ஒரேயடியாகக் கேலி செய்யவும் முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் சொச்சத்தில் கிளம்பி, கிட்டத்தட்ட 1,800 மீட்டருக்கு ஏற வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. ஏறும்போது இது தெரியாது. முதுகில் வியர்வை வாய்க்கால் ஓடும். இறங்கும்போதுதான் வினை. நனைந்த உடம்பு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று. நான் ஒருமுறை பருத்தி டிசர்ட்டோடு இறங்கினேன். பல் தந்தியடித்தது, விரல் மரத்து பிரேக் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுக்கு ஒன்றாகக் குலசாமிக்குக் கிடாய் நேர்ந்துகொண்டேன். இன்னும் எட்டுக் கிடாய் பாக்கி.

அந்தக் கையில்லாத சமாச்சாரம் சம்பளம் வாங்குவது அங்கேதான். முன்பக்கம் காற்றுப் புகாத துணி, பின்பக்கம் வலை. சுருட்டினால் கைப்பிடிக்குள் அடங்கி ஜெர்சியின் முதுகுப் பைக்குள் போய்விடும். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலையுச்சியில் ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கி நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு இறங்கியவர்கள் என்று அண்ணனே சொல்வார். "அப்ப பேப்பரே போதுமேங்ணா?" என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு நம் டீக்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

மழை ஜாக்கெட் தனிப் புராணம். லேபிளில் 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் துணி கசியாதாம். குழாயில் நூல் போலத் தண்ணீர் வரும் தெருவில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்வார். வெளித் தண்ணீர் உள்ளே வராது, வாஸ்தவம்; உள் தண்ணீரும் லேசில் வெளியே போகாது. ஏற்றத்தில் போட்டால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரிதான். அதனால் அரைக் கிலோமீட்டருக்கு ஒருதரம் நின்று ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றுவார், தொப்புள்வரை இறக்குவார். அந்த ஜிப் ஏறி இறங்கிய தூரத்தைக் கூட்டினால் ஊட்டியே போயிருக்கலாம்.

போன ஐப்பசியில் கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தாழ்வாரத்தில் அண்ணன் வெஸ்ட்டைக் கழற்றி ஜாக்கெட் போட்டார். புழுங்கியது. ஜாக்கெட்டைக் கழற்றி வெஸ்ட் போட்டார். சாரல் அடித்தது. வெஸ்ட்டின் மேல் ஜாக்கெட் போட்டார். ஜிப் ஏறவில்லை. அதற்குள் மழையே பாதி ஓய்ந்துவிட்டது.

அப்போது ஒரு பெரியவர் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து டீ சொன்னார். உரச்சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் செருகி, முக்காடாகத் தலையில் கவிழ்த்திருந்தார். சட்டை காய்ந்திருந்தது. அண்ணன் மெல்ல அருகே போய், சாக்கின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது எத்தனை ஜிஎஸ்எம்முங்க?"

"அம்பது கிலோங்க."