போடி ஏலக்காய் வணிகரின் வெப்சைட் செலவு: ‘ஏலக்கிலோ’ அலகில் ஒரு முதற்கட்ட ஆய்வு

இணையதளத்தின் செலவை ரூபாயில் கணக்கிடுவது உலக வழக்கு. போடிநாயக்கனூருக்கு அவ்வழக்கு ஒவ்வாது என்பது இவ்வாய்வின் துணிபு. என்னை எனின், இவ்வூரில் ஆயிரம் ரூபாய் பெரிதா சிறிதா என்பதைக் காய் விலைதான் சொல்லும். எனவே ‘ஏலக்கிலோ’ என்னும் புதிய அலகு இங்கே முன்மொழியப்படுகிறது. அன்றைய ஏலத்தில் ஒரு கிலோ காய் என்ன விலைக்குப் போகிறதோ அதுவே ஓர் ஏலக்கிலோ.

ஆய்வுப் பரப்பு, போடி ஏல மையம் தொடங்கி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போடிமெட்டு செக்போஸ்ட் வரை. அதற்கு அப்பால் கேரளம். அங்கே தோட்டங்கள் உண்டு, ஆய்வாளரிடம் பஸ் காசு இல்லை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வணிகர் கற்பனை மனிதர். அடையாளம் தெரிகிறதென்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அவரைக் கம்ப்யூட்டர் தெரியாதவர் என்று எண்ணிவிடவும் கூடாது. ஸ்பைசஸ் போர்டு 2007இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்ததிலிருந்து, சாம்பிள் காயை உள்ளங்கையில் உருட்டி, தோலைக் கிள்ளி உள்ளே அரிசி கறுப்பா என்று பார்த்து, பட்டனைத் தட்டித்தான் சரக்கு எடுக்கிறார். லட்சக்கணக்கில் அசராமல் தட்டும் அந்த விரல், டொமைன் புதுப்பிக்கும் பட்டனில் வந்து நடுங்குவது ஏன் என்பதே ஆய்வுச் சிக்கல்.

ஒரு டாட் காம் பெயருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்கு முன் காய் கிலோ ஆயிரத்துச் சொச்சம். ஆகப் பெயரின் விலை ஏறத்தாழ ஓர் ஏலக்கிலோ. வெள்ளத்தில் செடி அழுகி, மறு ஆண்டு மழையும் ஏய்த்துவிட, 2019 ஆகஸ்டில் உச்ச விலை 7,000 ரூபாயைத் தொட்டது. அதே பெயர் இப்போது வெறும் 143 கிராம். தரம் பார்க்க வருகிறவர்கள் வாயில் போட்டுக்கொண்டு போகும் காயே அதைவிட அதிகம் இருக்கும். 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. பெயர் மறுபடி ஒரு கிலோவைத் தாண்டிற்று. இதனால் பெறப்படும் விதி: காய் விலை ஏறிய வருஷத்தில் வெப்சைட் பிறக்கும், அதற்குக் காசு கட்டும் நாள் விலை இறங்கிய வருஷத்தில் வரும்.

இனி, கட்டும் செலவு. வேர்ட்பிரஸ் 2003 முதல் இலவசம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் காட்டும் சான்றிதழையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015 கடைசியிலிருந்து சும்மா தருகிறது. பின் பணமும் நேரமும் எங்கே போயின? லோகோவில். சர்வர் எங்கே இருப்பது என்ற கேள்வி “மாப்ளே, நீயே பாத்துக்க” என்ற ஒரு வரியில் தீர்ந்தது. காய் நின்ற கோலமா கிடந்த கோலமா, பிள்ளையார் அதற்கு மேலா பக்கத்திலா என்பதற்குப் பெரியப்பா வரை வரவழைக்கப்பட்டார். சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த நார்த்கோட் பார்க்கின்சன் 1957இல் வெளிவந்த நூலில் இந்நோயை விவரித்திருக்கிறார். அவர் காட்டும் குழு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தந்துவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கும். பெரியப்பாவை அவர் அறிந்திருந்தால் அந்த அத்தியாயம் இன்னும் நீண்டிருக்கும்.

நடத்தும் செலவில் வெளியே தெரிவது கொஞ்சம்: ஹோஸ்டிங், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. (காய்க்கு 5தான் என்று வணிகர் இதைத் தனிப்பட்ட அவமானமாகக் கருதுகிறார்.) ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம் 2 சதவீதம் எடுத்தால், அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 3,000 ரூபாய் ஆர்டரில் 70 ரூபாய் 80 காசு போகும். தரகு கொடுத்துப் பழகிய ஊருக்கு இது பெரிய விஷயம் இல்லை.

கணக்கில் வராமல் கொல்வது விலைப் பக்கம். ஏலத்தில் விலை நாளுக்கு நாள் மாறும். வெப்சைட்டில் மாற்ற ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். தோட்டத்துக்கு மருந்தடிப்பு, களையெடுப்பு, காய் எடுப்பு என்று தனித்தனியே கூலிப்பத்தி போடும் நோட்டில் இதற்குப் பத்தி கிடையாது. 2019 போன்ற வருஷத்தில் பழைய விலையைப் பார்த்து டெல்லியிலிருந்து ஒருவர் பத்துக் கிலோ கேட்டுவிட்டால், ஹோஸ்டிங், லோகோ எல்லாம் சேர்த்து ஆன செலவை அந்த ஒரே ஆர்டர் விழுங்கிவிடும். போட்டோவும் அப்படியே. நிறத்தை வைத்து விலை நிற்கும் சரக்கை டியூப்லைட் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்தால், எட்டு எம்.எம். பச்சைக்காயும் திரையில் பழுத்த மஞ்சளாய்த் தெரியும்.

அடுத்தது பாஸ்வேர்டு. வெப்சைட் செய்து தந்தது மச்சினன் மகன். அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. புதுப்பிக்க ஓ.டி.பி. வேண்டுமே என்று மெட்டு ஏறும் ஜீப்பில் இருந்தபடி வணிகர் போன் போட்டார். “அந்த சிம்மை எப்பவோ தூக்கிப் போட்டுட்டேனே, மாமா.” அதற்குள் வளைவு வந்து சிக்னலும் போய்விட்டது.

மனிதருக்குப் பதினாறாம் நாள் கருமாதியோடு ஒரு முடிவு உண்டு. டாட் காம் பெயருக்குத் துக்கம் நீளம். காலாவதியான பின் சில வாரம் பழைய விலையிலேயே புதுப்பிக்கலாம். அது கடந்தால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனித் தண்டம். அதன்பின் 5 நாள். ஆறாம் நாள் உலகில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம், காயே பார்த்திராத நாட்டுக்காரர் உட்பட.

ஆகவே ஆய்வாளர் பரிந்துரை இரண்டு. விலைப் பக்கத்தை எடுத்துவிட்டு அங்கே போன் நம்பரைப் போடுக. வெளியூர் வியாபாரி வெப்சைட்டில் தேடுவது இப்படி ஒரு கடை இருக்கிறதா என்பதைத்தான், விலையை அவர் எப்படியும் போனில்தான் பேசுவார். இரண்டாவது, காய் விலை ஏறிய வருஷத்திலேயே பெயரைப் பத்தாண்டுக்குப் பதிந்துவிடுக. அதற்கு மேல் விதி விடாது. 2019 உச்சத்தில் இதற்கு ஆகியிருக்கக்கூடியது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. 2022இல் பத்துக் கிலோவுக்கு மேல்.

முடிவுகளை முழுதும் கேட்ட வணிகர் நோட்டை மூடிவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “பத்து வருஷத்துக்குச் சேத்துக் கட்டினா எவ்வளவு குறைப்பான்?”