லைட்டை அணைங்கப்பா, வர்க்கம் தெரியணும்

ஏற்றத்தாழ்வைப் பார்ப்பதென்றால் முதலில் லைட்டை அணைக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏழைகள் வெளுத்துப்போய்த் தெரிவார்கள். இத்தனை வருஷமாகச் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாலபாடம் எங்கள் கல்லூரிக்கு ஸ்மார்ட் கிளாஸ் வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

கரும்பலகையில் வெப்லன் என்று எழுதி, பக்கத்து வீட்டுக்காரன் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பொருள் வாங்குவதை 1899லேயே இந்த மனுஷன் புத்தகமாகப் போட்டுவிட்டார் என்று ஆரம்பித்தால், அது பழைய பஞ்சாங்கம். அதையே திரையில் ஓடவிட்டால் ‘ஐ.சி.டி. வழிக் கற்பித்தல்’. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் கமிட்டியிடம் இரண்டாவதுக்குத்தான் மதிப்பு. சாக்பீஸ் தூளுக்கு யாரும் கிரேடு தருவதில்லை.

ஸ்மார்ட் கிளாஸ் வாசலில் ஒரு கிரானைட் கல்வெட்டு. கொடையாளர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. பெயர் தங்க எழுத்தில். விவரம் புரியாமல் நான், நுகர்வியத்துக்கு வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’வைப் போடலாம் என்று துறைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். 2010இல் வந்த படம், ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடைப் பிள்ளைகள் படும் பாடு, எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் தாண்டி வரும் இடம். துறைத் தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சார், உள்ளே வரும்போது கல்வெட்டைப் பார்த்தீங்களா, இல்லையா? ஏதாவது ஃபாரின் டாக்குமென்டரியாப் போடுங்க.”

ஆக, சுரண்டல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது.

முதலில் ‘தி ஸ்டோரி ஆஃப் ஸ்டஃப்’. 2007இல் அமெரிக்காவில் வந்தது, ஆனி லியோனார்டு எழுதித் தானே பேசியது. தோண்டுவது, செய்வது, விற்பது, வாங்குவது, குப்பையில் போடுவது என்று இருபது நிமிஷத்தில் கோட்டுச் சித்திரத்தில் சொல்லிவிடுவார். நல்ல படம்தான். ஆனால் அது தொடங்குவதற்குள் யூடியூபில் ஒரு நகைக்கடன் விளம்பரம். பாதியில் இன்னொன்று, அதற்கு ‘ஸ்கிப்’பும் இல்லை. பொருள் பொருளாக வாங்கிக் குவிக்காதே என்று அந்த அம்மாள் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கையில், சலுகை இன்று மட்டும் என்று ஒரு பெண் சிரிக்கிறாள். விளம்பரம் வேண்டாமென்றால் மாதச் சந்தா கட்டலாம். நுகர்வியத்தைத் தொந்தரவில்லாமல் வெறுக்கவும் காசு.

அடுத்த வாரம் ‘தி ட்ரூ காஸ்ட்’, 2015இல் வந்தது. ராணா பிளாசா வந்தபோதுதான் வகுப்பில் பேச்சு நின்றது. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர். 2013 ஏப்ரல் 24. எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் தையல் வேலைக்குப் போன பெண்கள். படத்தை நிறுத்தி, இன்னொரு விஷயமும் சொன்னேன். சுவரில் விரிசல் முந்தின நாளே தெரிந்துவிட்டது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த தையல்காரிகளை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் சொன்னார்கள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். “ஒரே பில்டிங்தானே சார்? விரிசல் பேங்க்காரங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“எல்லாருக்கும்தான் தெரிஞ்சுது.”

“அப்ப இவங்க ஏன் போனாங்க?”

என்னை முந்திக்கொண்டு திண்டுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். “போகலைன்னா சம்பளம் பிடிப்பாங்கடா. எங்க அக்கா மில்லுல மூணு வருஷம் இருந்துச்சு. முடிச்சாத்தான் கல்யாணத்துக்கு மொத்தமாத் தருவோம்னாங்க. காய்ச்சல்லயும் போச்சு.” சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்களகரமாகப் பெயர் வைத்த வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். அன்றைக்கு நடந்ததுதான் பாடம். பத்து நிமிஷம் இருக்கும். அதற்குள் அடுத்த வகுப்புக்காரர் கதவைத் தட்டிவிட்டார். ஸ்மார்ட் கிளாஸ் ஒன்றுதான், துறைகள் பதினொன்று.

பிறகு அசைன்மென்ட். பேப்பரில் எழுதுவது போயிற்று. ஆளுக்கு மூன்று நிமிஷ வீடியோ. தலைப்பு ‘நுகர்வு வெறியும் நானும்’. இன்டர்னலில் 10 மதிப்பெண். அதில் 4 ‘காட்சித் தர’த்துக்கு. நுகர்வு வெறி எவ்வளவு கெட்டது என்பதைத் தெளிவாகக் காட்ட நல்ல கேமரா வேண்டும் என்பது துறையின் முடிவு. விரிசல் எப்படித் தெரிந்தது என்று கேட்டானே, அவன் போனிலும் விரிசல்தான். ராத்திரியில் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறவன். போய் ஒரு புதுப் போன் எடுத்துவிட்டான். “ஜீரோ டவுன் பேமென்ட் சார். ப்ராசஸிங் ஃபீஸ் மட்டும்தான்.” போன் மோகத்தைக் கண்டித்து அவன் எடுத்த வீடியோ பளிங்கு மாதிரி இருந்தது. நாலுக்கு நாலு போட்டேன். இப்போது மாசம் பிறந்தால் முதல் வாரம் அவன் வகுப்பில் இல்லை. இ.எம்.ஐ.க்கு ஓடுகிறான்.

முதல் பெஞ்சின் ஓரத்தில் இருக்கும் பெண் வீடியோ எடுக்கவில்லை. ஆறு பக்கம் கையால் எழுதித் தந்தாள். மதியம் இரண்டிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவள். தமிழ்நாட்டில் 1947ஆம் வருஷத்துக் கடைகள் சட்டம் ஒன்று இருக்கிறது. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று அதில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது 2021இல்; கேரளத்தில் 2018இலேயே சட்டம் வந்துவிட்டது. மனிதனுக்கு முழங்கால் மடங்கும் என்பதைக் கண்டுபிடிக்க நம் சட்டத்துக்கு 74 வருஷம் பிடித்தது. அவளிடம் கேட்டேன். “ஸ்டூல் இருக்கு சார். அது மேல துணிக்கட்டு வச்சிருக்காங்க.”

ஆறு பக்கத்திலும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. காட்சித் தரத்துக்குச் சுழி.

நான் மட்டும் என்ன யோக்கியம்? சுயநிதிப் பிரிவு ஆசாமி. பக்கத்து அறையில் இதே வெப்லனை நடத்துகிறவர் அரசு உதவிப் பிரிவு. அவருடைய ஒரு மாதம் எனக்குப் பல மாதம். மே மாதம் எனக்குச் சம்பளமே கிடையாது. மே மாதத்தில் சுயநிதிக்காரர்களுக்குப் பசிக்காது என்பது நிர்வாகத்தின் சமூகவியல் கண்டுபிடிப்பு. வாயைத் திறந்தால் ஜூனும் கிடையாது. அதனால் படம் போடுகிறேன்.

போன வாரம் கமிட்டி வேலைக்காக ஜியோ டேக் போட்ட போட்டோ கேட்டார்கள். ஓட்டிக்கொண்டிருந்த படத்தை அப்படியே விட்டு, கதவுக்கு வெளியே நின்று எடுத்து அனுப்பினேன். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி எல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது. திரையில் ஒரு தையல் தொழிற்சாலை, அதற்கு முன்னால் இருட்டில் வரிசையாகத் தலைகள். அரைமணி நேரத்தில் போன் வந்தது.

“போட்டோ சூப்பர் சார். முன்னாடி ஓரமா ஒரு பொண்ணு டெஸ்க்ல தலை வச்சுத் தூங்குது பாருங்க. அதை மட்டும் கிராப் பண்ணி அனுப்பிடுங்க.”

பண்ணி அனுப்பினேன். கிராப் பண்ணியதில் கல்வெட்டின் ஓரம் கொஞ்சம் போய்விட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.