பட்டறிவும் மேம்பாலமும்

பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். சென்னைக்காரர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பட்டார். புத்தி வந்தேவிட்டது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை கேட்டதுமே வேளச்சேரிவாசிகள் காரை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அபராதம் போட்டாலும் கட்டத் தயார். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அதைவிடச் செலவு!

அனுபவப் பாடம் தெளிவு: ஏரியில் காரை நிறுத்தக்கூடாது. ஏரியில் வீடு கட்டலாமா என்பது மேல்வகுப்புப் பாடம். அடுத்த வெள்ளத்தில் நடத்துவார்கள். அதற்குள் பள்ளிக்கரணைப் பக்கம் புது அடுக்குமாடிக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். “ஜன்னலைத் திறந்தால் ஏரிக்காற்று வரும் சார்” என்கிறார் தரகர். காற்று மட்டும்தான் வரும் என்று அவர் சொல்லவே இல்லை. வாய்மை தவறாத மனிதர்.