ஏறினது நான், இறங்கினது முட்டி

ஃபேர்பேங்ஸ், அலாஸ்கா
செப்டம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அக்கா,

நலம். அம்மாவிடம் இந்த ஒரு சொல்லை மட்டும் வாசித்துக் காட்டு. மீதி உனக்கும் அத்தானுக்கும்.

போன சனிக்கிழமை இங்கே ஈக்வினாக்ஸ் மாரத்தான். இரவும் பகலும் சமமாகிற நாளையொட்டி வருஷா வருஷம் செப்டம்பரில் நடக்கும். 1963-ல் இங்குள்ள பல்கலைக்கழகத்துப் பனிச்சறுக்குக்காரர்கள் ஆரம்பித்து வைத்தது. 42 கிலோமீட்டர், பாதிக்கு மேல் காட்டுப்பாதை. நடுவில் எஸ்டர் டோம் என்றொரு மலை, உச்சி 720 மீட்டர். வழியில் உள்ள மேடுகளையெல்லாம் கூட்டினால் ஏறுவது மட்டும் கிட்டத்தட்ட 1,000 மீட்டர். இதற்கு நாம்தான் காசு கட்ட வேண்டும். "ஜெயிச்சா என்ன தருவான்?" என்று அத்தான் கேட்பார். ஜெயிக்கிறவன் கதை எனக்கெதற்கு? முடிக்கிறவனுக்கு ஒரு துணி வில்லை தருகிறார்கள், சட்டையில் தைத்துக்கொள்ளலாம். தையல் கூலி நம்முடையது.

அம்மா பயந்ததெல்லாம் குளிருக்கும் கரடிக்கும். மைனஸ் 40 வருவதற்கும், ராத்திரியில் காரின் இன்ஜினுக்குக் கரண்ட் கொடுத்துச் சூடாக வைப்பதற்கும் இன்னும் நாள் இருக்கிறது. செப்டம்பரில் பிர்ச் மரமெல்லாம் மஞ்சள் அப்பிக்கொண்டு நிற்கும். காலையில் மூக்கு மட்டும் நம்முடையதில்லை என்று தோன்றும், அவ்வளவுதான். ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த மூக்கும் திரும்பி வந்துவிட்டது.

மிருக விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். கரடியைப் பார்த்தால் ஓடக்கூடாது, துரத்தும். மூஸைப் பார்த்தால் ஓடிப்போய் மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான், கோபம் வந்தால் முன்னங்காலால் உதைக்கும். நல்ல சட்டம்தான். ஆனால் ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போது, முன்னால் போகிறவன் பந்தயத்துக்கு ஓடுகிறானா, மூஸுக்கு ஓடுகிறானா என்று எனக்கு எப்படித் தெரியும்? பத்திரத்துக்கு நானும் சேர்ந்து ஓடினேன். கடைசியில் நான் பார்த்த ஒரே கரடி, தண்ணீர்ப் பந்தலில் கிண்ணம் நிறைய வைத்திருந்த ஜெல்லி மிட்டாய்க் கரடிதான். பச்சைக் கரடி இரண்டு, சிவப்பு ஒன்று தின்றேன்.

அந்தப் பந்தல்களைச் சொல்ல வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியெல்லாம் நீர்மோர் ஊற்றுவார்களே, அதே உபசாரம். தாடியில் பனித்துளி தொங்க ஒரு பெரியவர் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று காகிதக் கோப்பையை நீட்டினார். பாதிகூட ஆகவில்லை அக்கா! பொய்தான், ஆனாலும் அந்த நேரத்தில் கேட்க நன்றாக இருந்தது. நீ அனுப்பிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயை ஏற்றத்தில் எடுத்துக் கடித்தேன். குளிரில் அது கருங்கல் ஜல்லி ஆகியிருந்தது. அரை மலை ஏறும்வரை ஒரே துண்டு வாயில் கிடந்தது. அதுவும் ஒரு வசதிதான், வழித்துணை.

வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து தெனாலி தெரியும், வட அமெரிக்காவிலேயே உயரமான சிகரம், 6,190 மீட்டர். எனக்குத் தெரிந்தது முன்னால் போனவரின் முதுகு. மேகம். மலைமுதுகில் கொஞ்சதூரம் போய், போன வழியே திரும்பி வர வேண்டும். அங்கே எதிரே வருகிற எல்லோரும் "நல்லா ஓடுறே" என்கிறார்கள். நான் அப்போது நடந்துகொண்டிருந்தேன்.

இதுவரை சுகம். அதற்கப்புறம் 'ஷூட்' என்று ஓர் இறக்கம். ஒற்றையடி அகலம், செங்குத்து, காலை வைத்தால் உருளுகிற கல். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்றால் திரும்பி வந்துவிடும். இறக்கத்தில் நிற்கவே முடியாது. தொடை பிரேக் பிடிக்கிறது, முட்டி கத்துகிறது, மலை பின்னாலிருந்து தள்ளுகிறது. அம்மா வேண்டிக்கொண்ட சாமிகளில் இறக்கத்துக்கு ஒருவரும் பொறுப்பில்லை போலிருக்கிறது. அந்த நேரம் பார்த்து நரைத்தலை அம்மாள் ஒருவர் ஆட்டுக்குட்டிமாதிரி என்னைத் தாண்டினார். தாண்டும்போது, "ஏறும்போது வேகமாகப் போனாயே, பார்த்தேன்" என்றார். பாராட்டா, பழிவாங்கலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முடித்துவிட்டேன். நேரம் கேட்காதே. வில்லை கையில் இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. நடந்தே முடித்தவர்களுக்கும் கைதட்டல் இருந்தது, அதிலே என் பங்கும் உண்டு, உட்கார்ந்துகொண்டே.

கோடாலித் தைலம் பெரிய பாட்டிலாக இரண்டு அனுப்பு. பார்சலில் தைலம் என்று எழுதாதே, ஊறுகாய் என்று அம்மாவிடம் சொல். இந்தக் கடிதம் தாமதமாக வந்தால் தபால்காரரைத் திட்டாதே. என் வீடு இரண்டாவது மாடி, தபால்பெட்டி கீழே இருக்கிறது. படிக்கட்டு இறக்கம்.

அன்புடன்,
உன் தம்பி