1234 முதல் ஒயின் வரை

2007-ல் ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனம் பக்கம் போனால், கையில் நோட்டீஸ் திணிக்கப்படாமல் பத்தடி நடக்க முடியாது. ஜாவா, ஆரக்கிள், டெஸ்டிங். டெமோ வகுப்பு இலவசம், ஃபீஸ் பிறகு. நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்தோம். இந்த ஊர்ப் பையன்களோ அமெரிக்க விசாவுக்காகச் சென்னை ஜெமினியில் வரிசை கட்டினார்கள். ஹைதராபாத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம் வந்தது 2008-ல்தான்.

ஒரு டெமோவில் சார் போர்டில் ஒற்றை மேற்கோள் குறி போட்டு, பக்கத்தில் 'ஆர் 1=1' என்று எழுதினார். "பாஸ்வேர்டு பெட்டியில இதைப் போடு பாபு. புரோகிராம் எழுதினவன் தூங்கியிருந்தா கதவு திறந்துக்கும்." எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன். நோட்டில் எழுதிக்கொண்டு இரானி டீ குடிக்கப் போய்விட்டோம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் டேன் எகெர்ஸ்டாட் என்ற ஸ்வீடன்காரர், தூதரகங்கள், அரசு அலுவலகங்கள் என்று நூறு மெயில் கணக்குகளைப் பாஸ்வேர்டோடு இணையத்தில் போட்டார். இந்தியத் தூதரகங்களும் உண்டு. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அடையாளத்தை மறைக்க உதவும் டோர் வலைப்பின்னலின் வெளிவாசலில் தன் கணினிகளை நிறுத்தி, மறையாக்கம் இல்லாமல் கடந்து போனதைப் படித்தார், அவ்வளவுதான். பட்டியலில் '1234' என்றும் ஒரு பாஸ்வேர்டு. யாருடையது என்று கேட்காதீர்கள், நாட்டுப்பற்று தடுக்கிறது.

2016 நவம்பரில் தென்னாப்பிரிக்கா, லிபியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து, ருமேனியா, மாலி, மலாவி ஆகிய ஏழு நாடுகளில் இந்தியத் தூதரகங்களின் இணையதளங்கள் சூறையாடப்பட்டன. வெளிநாட்டில் வாழும் நம்மவர்களின் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் வெளியே வந்தன. செய்தவர்களில் ஒருவர் தனக்கு 17 வயது என்றார். ஆயுதம்? எங்கள் சார் இலவசமாகச் சொல்லித்தந்த அதே ஒற்றைக் குறி வித்தைதான். வாசலில் துப்பாக்கிக் காவல், பின்கட்டில் கொக்கி.

இப்போது அமீர்பேட்டில் தலைக்கு மேல் மெட்ரோ, சத்யம் தியேட்டர் இருந்த இடத்தில் மல்டிபிளெக்ஸ், போர்டுகளில் ஏஐயும் சைபர் செக்யூரிட்டியும். திருடர்களும் நாகரிகமாகிவிட்டார்கள். 2023-ல் கீவ் நகரில் போலந்து தூதரக அதிகாரி ஒருவர் தன் பிஎம்டபிள்யூ காரை விற்க மெயில் அனுப்பினார். ரஷ்ய உளவுத்துறையோடு தொடர்புபடுத்தப்படும் குழு அதை அப்படியே நகலெடுத்து, விலையை 7,500 யூரோவாகக் குறைத்து, குறைந்தது 22 தூதரகங்களுக்கு அனுப்பியது. படம் பார்க்கத் தட்டினால் வைரஸ். அடிமாட்டு விலை என்றால் தூதரகத்திலும் சபலம்தான் போல.

அடுத்த ஆண்டு நம் முறை. 'இந்தியத் தூதர் அழைக்கிறார்: பிப்ரவரி 2, ஒயின் சுவைக்கும் நிகழ்ச்சி' என்ற பிடிஎஃப் ஐரோப்பியத் தூதரக அதிகாரிகளுக்குப் போனது. வருகையை உறுதிசெய்யும் படிவத்துக்கு ஒரு லிங்க். அதைத் தொட்டால் கணினிக்குள் உளவு நிரல். காந்தி பிறந்த நாட்டின் தூதர் ஒயினுக்கு அழைத்தால் அங்கேயே லேசாக இடிக்க வேண்டாமா?

சமீபத்தில் அமீர்பேட்டில் ஒரு சென்டரில், இப்படி மெயிலில் தூண்டில் போடும் ஃபிஷிங் பற்றிப் பாடம் உண்டா என்று விசாரித்தேன். கவுண்டர் பெண் திருப்பதிப் பக்கம் போலும், தமிழ் சரளம்.

"அது தனி மாட்யூல் சார், ஃபீஸும் தனி. டெமோவுக்கு வாட்ஸப்ல லிங்க் அனுப்பியிருக்கேன், கிளிக் பண்ணுங்க."