பெரியாற்றில் பெர்மனென்ட்டும் காண்ட்ராக்டும்

முல்லைப் பெரியாறு என்றதும் ஆளுக்கொரு வக்கீலாக மாறிவிடுவோம். அந்தச் சண்டை கிடக்கட்டும். அணையைக் கட்டிய ஆட்களின் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் அது தனிக் கூத்து.

1808-இல் கேப்டன் கால்டுவெல் என்ற துரை மலையேறிப் பார்த்தார். ஆற்றைக் கிழக்கே திருப்புவது வெறும் பகல்கனவு, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று அறிக்கை எழுதிவிட்டு இறங்கினார். அறிக்கை எழுதுகிறவருக்கு அத்தோடு வேலை முடிந்தது.

1850-இல் பேச்சு மறுபடி கிளம்பி, வேலையும் தொடங்கியது. கூலியாட்கள் காட்டைப் பார்த்தார்கள், காய்ச்சலைப் பார்த்தார்கள். "இந்தக் கூலிக்கு இந்த இடத்தில் ஆகாது, கூட்டிக் கொடுங்கள்" என்றார்கள். சர்க்கார் நிதானமாக யோசித்து, கூலியைக் கூட்டுவதற்குப் பதில் அணையையே கைவிட்டது. மதுரைச் சீமை இன்னொரு தலைமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவே தாது வருஷப் பஞ்சம் வந்து ஊர் ஊராகக் காலி செய்த பிறகுதான் மேலிடத்துக்குச் சுரணை வந்தது.

1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷக் குத்தகை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கிற நம் காண்ட்ராக்ட் தம்பிகளிடம் இந்த 999-ஐச் சொல்லிவிடாதீர்கள், மனசு தாங்காது.

அடுத்த வருஷம் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கியது. நிரந்தர ஆட்கள் என்றால் பொறியாளர்களும், மதராஸ் பயனியர் படையின் 1-ஆம், 4-ஆம் பட்டாலியன்களும்தான். உடுப்பு, ரேஷன், மாதம் பிறந்தால் சம்பளம். சிப்பாய் என்றாலும் கையில் மண்வெட்டி. வெள்ளத்தை மறிக்கும் தற்காலிகத் தடுப்பணைக்கு மரவேலை தெரிந்தவன் வேண்டுமே? அதற்குக் கொச்சியிலிருந்து போர்ச்சுக்கீசியத் தச்சர்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். கல் சுமக்க, சுண்ணாம்பு அரைக்க, சுர்க்கி கலக்க, அடிவாரத்திலிருந்து தினக்கூலிகள்.

தற்காலிகத் தடுப்பணைதான் வேலையிலேயே சிக்கலானது. ஆற்றை ஒதுக்கி நிறுத்தினால்தான் அடித்தளமே போட முடியும். தச்சன் மரத்தை இறக்குவான், மற்றவர்கள் மண்ணும் கல்லும் கொட்டுவார்கள், தெற்கத்தி மழை வந்து மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போகும். மறுபடி தச்சன், மறுபடி மழை. ஒவ்வொரு தடவையும் ஆற்றோடு போனது தற்காலிகம் என்று பெயர் வைத்த அணைதான். ஆனால் அது நிற்காமல் நிரந்தரத்தில் ஒரு கல் வைக்க முடியவில்லை. இந்த ஏற்பாட்டை எந்த ஆபீசில் வேண்டுமானாலும் இன்றைக்கும் பார்க்கலாம்.

பணம் தீர்ந்துபோய், பென்னிகுயிக் மனைவியின் நகையை விற்றுக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, தேனிப் பக்கம் யாரிடமும் மறுத்துப் பேசிவிட்டு முழுசாகத் திரும்ப முடியாது. ஆனால் ஒன்று: துரைசானி நகை போனால் அது வரலாறு. பில் பாஸாகாத சப்-காண்ட்ராக்டர் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போனால் அது செவ்வாய்க்கிழமை.

கொசு மட்டும்தான் மஸ்டர் ரோலைப் பார்க்காமல் கடித்தது. நோயில் மாண்டு அணைக்கு வடக்கே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்று கணக்கு. சாராயத்தின் மருத்துவ குணம் இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்களாம். மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லாத இடத்தில் குவளைதான் இன்சூரன்ஸ்.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்தார். பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது, ஜனவரி 15-இல் பொங்கல் இருக்கிறது, கம்பம் பள்ளத்தாக்கில் பென்னி என்று பெயர் வைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நியாயம்தான், மனிதர் விடாப்பிடியாக நின்றவர்.

அந்த நிரந்தர ஆட்கள் என்ன ஆனார்கள்? இரண்டு பட்டாலியன்களும் பிற்பாடு ஒரே ரெஜிமென்ட்டுக்குள் வந்தன. 1933-இல் சிக்கன நடவடிக்கை என்று மதராஸ் பயனியரை மொத்தமாகக் கலைத்துவிட்டார்கள். கொச்சித் தச்சர்களுக்கு அந்த அவமானம் நேரவில்லை. அவர்களைத்தான் யாரும் வேலைக்கே சேர்க்கவில்லையே, எதிலிருந்து நீக்குவது?