புணே மாருதிகளும் மனித மறதியும்: ஓர் ஆராய்ச்சி

பழைய புணேயில் வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு பேட்டைகள் உண்டு: சோம்வார் பேட் தொடங்கி ரவிவார் பேட் வரை. மனித மனம் ஒரு நேரத்தில் ஏறத்தாழ ஏழு சங்கதிகளைத்தான் பிடித்துவைக்கும், இரண்டு கூடலாம், குறையலாம் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பேட்டைகளுக்குப் பெயரிட்டவர்கள் அவரை முந்திக்கொண்டதாக அவசர ஆய்வாளர் முடிவு கட்டக்கூடும். நமக்கு அவசரமில்லை.

ஏனெனில் இந்த ஏற்பாடு நினைவைக் குழப்புவதற்கே பயன்படுகிறது. செவ்வாய்க்கிழமை கூட்டம் நெரியும் தக்டுசேட் ஹல்வாயி கணபதி இருப்பது புத்வார் பேட்டில். சனிவார் பேட்டைத் தாண்டினால் ரவிவார் வரும் என்று நம்பி நடப்பவர் புத்வாரில் போய் நிற்பார். பேஷ்வா முதலாம் பாஜிராவ் மட்டும் ஒழுங்காக, 1730 ஜனவரி 10, ஒரு சனிக்கிழமையன்று, சனிவார் வாடா கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். நம் ஆய்வுக்கு இணங்கிய மாம்பலத்து மாமாவோ, வியாழக்கிழமை சுக்ரவார் பேட் போக வேண்டியவர், வெள்ளிக்கிழமை குருவார் பேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கினார். ஒன்றையொன்று ஒத்த நினைவுகள் முட்டிக்கொள்வதை உளவியலார் குறுக்கீடு என்பர். மாமி சொன்ன பெயர் அச்சேறத் தக்கதன்று.

இனி மாருதிகள். புணேக்காரர்கள் தெய்வங்களுக்குச் சூட்டிய பெயர்களைப் போல் இத்தனை வேறெங்கும் நாம் கண்டதில்லை. சனிவார் வாடா எதிரே பழைய சந்தையில் உருளைக்கிழங்கு விற்ற இடத்துக்காரர் ‘படாட்யா மாருதி’. துளசிபாக் பக்கம் ‘ஜிலேபி மாருதி’. கணேஷ் பேட்டில் ‘டுல்யா மாருதி’. 1761இல் பானிபட்டில் மராட்டியர் தோற்ற சேதி கேட்டு இவர் ஆடிப்போனாராம், அதனால் ஆடும் மாருதி. சதாசிவ் பேட்டில் பட்டினி கிடக்கும் விட்டோபா ஒருவர், கொலைகார முரளிதரர் ஒருவர். முரளிதரர் யாரையும் கொல்லவில்லை. கோயில் வாசலில் நடந்த கைகலப்பின் பழி அவர் தலையில் விழுந்தது.

மாமா இவற்றை ஒரே ஒரு முறை கேட்டார். மாம்பலம் திரும்பிய பிறகும், மாமி வாங்கிவரச் சொன்ன சாமான்களை மறந்த நிலையிலும், ஒன்றைக்கூட விடாமல் ஒப்பிக்கிறார். ஒரே மாதிரியான வரிசையில் விநோதமாகத் துருத்தி நிற்பதே மனத்தில் தங்கும் என்று ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் 1933இல் ஜெர்மனியில் காட்டினார். பாவம், அந்த அம்மையார் எண்களையும் அசைகளையும் வைத்து மாரடித்தார். உருளைக்கிழங்கு மாருதி அவருக்குக் கிட்டவில்லை.

இப்படிப் பெயர் சூட்டுவது மராட்டிய மண்ணின் தனிக்குணமோ என்று ஐயுறுவோர் சென்னை பல்லவன் சாலைக்குச் சென்று, புது வண்டிக்குப் பூசை போடும் எவரையாவது சாமியின் பெயர் கேட்கலாம். பாடிகாட் முனீஸ்வரன் என்று யோசிக்காமல் பதில் வரும்.

ஆய்வின் பரிந்துரை மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகமான எம்.ஐ.டி.சி.க்கு. புணேயின் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவை ஃபேஸ் 1, 2, 3 என்று பிரித்து, பேட்டைகளின் பிழையையே அங்கும் செய்து வைத்திருக்கிறார்கள். நாற்சந்திக்கு ஒரு மாருதி போதும். பெயர் வைக்கும் வேலையைக் குழு எதனிடமும் கொடுக்காமல், எதிரே வடாபாவ் விற்பவரிடம் விட்டுவிட வேண்டும்.